வேன் செட்டுல குறட்டை

கையெல்லாம் மாவு மதினி, இல்லாட்டி நானே எந்திரிச்சுக் காட்டிருவேன். ரொட்டிக்குப் பெசஞ்சுக்கிட்டே பேசுறேன்னு கோவிச்சுக்காதீங்க, டிக்கோயாலேருந்து வெறும் வயித்தோடதானே வந்திருப்பீங்க. கட்டிலுக்கு அடியில பாத்தாச்சா? அங்க வெறகுதான் கெடக்கு. அந்தச் சாக்குக்குப் பின்னாலயும் பாத்துருங்க. ஒரு ஆம்பள ஒளியிற அளவுக்கு இந்தக் காம்பராவுல எடம் இருந்தா, நான் ஏன் அரிசிப் பானைய தலமாட்டுல வச்சுக்கிட்டுப் படுக்குறேன்?

ஆமா, குறட்டைச் சத்தம் நெசந்தான். பக்கத்து வீட்டு சண்முகவடிவு அக்கா பொய் சொல்லல. லயத்துல செவுரு பாதி வரைக்குந்தானே, மேல தகரம் எல்லாருக்கும் ஒன்னு. இங்க தும்முனா கடைசி வீட்டுல நூறும்பாங்க. உங்க தம்பி கொழும்புக் கடையில நிக்கிறாரு, இங்க ஆம்பள குறட்டை விடுறான்னா யாருதான் சும்மா இருப்பாங்க?

அந்த மூலையில துணி மூடியிருக்கில்ல, அதத் தெறங்க. கடிக்காது மதினி. உங்க தம்பி ஓட்டுன வேன விக்கிறப்ப மொதலாளி கழட்டிக் குடுத்த பாட்டு செட்டு. கீழ இருக்கிறது பெட்டரி. மேல தீப்பெட்டி கணக்கா கெடக்குல்ல, அது அவரோட எம்பித்ரீ, கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரிவாரே, அதேதான். கொழும்புக்குப் போறதுக்கு முந்தி, பிள்ள நிரோஷனுக்கு ரெண்டு வார்த்த பேசி அதுல பதிஞ்சு வச்சிட்டுப் போங்கன்னேன். பட்டன அமுக்கிட்டு, மகனே அப்பா பேசுறேன்டான்னாரு. அம்புட்டுதான். சாமான் கட்டுன களைப்பு, அப்டியே தூங்கிட்டாரு. பாக்கி பூராக் குறட்டை.

காதுல மாட்டிக் கேக்கலாம்னா, அந்த வயர இந்தப் பய கடிச்சுப்புட்டான். சொருகுற முனை மட்டும் நல்லாருந்துச்சு. செட்டுலேருந்து செவப்பும் வெள்ளையுமா தொங்குற வயரு எம்பித்ரீ ஓட்டையில நொழையாது. அதான் ரெண்டையும் வெட்டி முறுக்கிப் பாத்தேன். மூச்சே இல்ல. காது வயரு கம்பி தலமுடி மாதிரி மதினி, அதுக்கும் மேல சாயம் பூசி வச்சிருக்கான். அடுப்புத் தணல்ல காட்டிச் சுட்டதும் செம்பு தெரிஞ்சுச்சு. செவப்புக்குச் செவப்பு, பச்சைக்கு வெள்ள, மிச்சக் கம்பியெல்லாம் ஒன்னா முறுக்கி, காயத்துக்குப் போடுற பிளாஸ்டர ஒட்டுனேன். நாந்தான் மதினி. வேற யாரக் கேக்குறது? எதுக்குன்னு கேப்பாங்கல்ல?

மொதல்ல ஒரு ஸ்பீக்கர்தான் பேசுச்சு. விடுவனா, இன்னும் இறுக்கி முறுக்குனேன். ரெண்டும் பேசிருச்சு. சத்தத்தக் கொறைக்கிற திருகு வேற இறுகிப்போயி நிக்குது. அன்னைக்குத்தான் சண்முகவடிவு அக்கா, உள்ள ரெண்டு ஆம்பளன்னு லயம் பூராச் சொல்லிருச்சு.

தோட்டத்துத் தலைவர் சோலைமலை அண்ணன் வாசல்ல வந்து நின்னு, யாரும்மா உள்ளன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? புருஷன் குறட்டைய வேன் செட்டுல போட்டுக் கேக்குறேன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு, கள்ளப் புருஷன்னே நெனச்சுக்கட்டும்னு நின்னுட்டேன். அம்புட்டு வெக்கமாப் போச்சு. அதுக்குள்ள உங்களுக்குச் சேதி வந்திருச்சு. நீங்க உங்க தம்பிக்குப் போனப் போட்டு, இவ வேணாம்டான்னு சொல்லப் போறீங்கன்னு தெரியும். சொல்லுங்க. அதுக்கு முந்தி அந்தப் பட்டன மட்டும் ஒருவாட்டி அமுக்குங்க.

கேக்குதா? கடைசியில கேத்தல் கொதிக்கிற மாதிரி ஒரு விசிலு வருதா? கூடப் பொறந்த உங்களுக்கு நான் சொல்லணுமா? என்ன மதினி, சிரிக்கிறீங்களா அழுவுறீங்களா?

பிள்ளைக்கா? ஐயோ, அவன் படுத்தா கட்ட. இந்தச் சத்தத்துலதான் எந்திரிச்சுக் கத்துறான், இப்ப அவன் காதுல பஞ்சு வைக்கிறேன். இது அவனுக்கில்ல. அவரு பக்கத்துல கெடக்கிறப்ப, இந்தச் சனியன் சத்தத்துல மனுஷி எப்டித் தூங்குறதுன்னு கால வச்சு ஒதைப்பேன். இப்ப என்னடான்னா... என்ன சண்முகவடிவக்கா? பீலியில தண்ணி வந்திருச்சா? இந்தா வர்றேன்! மதினி, மாவ கொஞ்சம் மூடி வைங்க. அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க, அவரு இல்லாம எனக்குத் தூக்கமே...