பச்சையில் நின்ற முள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. உங்கள் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் தீயணைப்பு சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் சிவப்பில் கிடக்கிறது. உள்ளே அழுத்தம் இல்லை என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டு ஒரு மெழுகுவர்த்தியைக்கூட அணைக்க முடியாது. முள் எப்போதும் பச்சையில் நிற்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை யாராவது கவனித்தால் போதும், ஆனால் யாரும் கவனிப்பதில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன். மேலதிகாரி என்ற பெயரில் ஒரு மடையன் வந்து சேர்ந்ததும் வேலையை உதறிவிட்டேன். மனைவியின் வளையல்களை விற்று இந்தக் கடையைப் போட்டேன். தீயணைப்பு சிலிண்டர் விற்பனை, சர்வீஸ். கடைக்கு என் பெயரையே வைத்து, போர்டில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். எந்தத் தொழிலுக்கும் முதல் வருடம் கஷ்டம்தான் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட ஒரு சிலிண்டர் வாங்கவில்லை.

என் கடைக்கு ஆட்கள் வராமல் இல்லை. சில்லறை மாற்ற வந்தார்கள், வழி கேட்க வந்தார்கள், மழைக்கு ஒதுங்க வந்தார்கள். மற்ற நேரமெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கடை குஷன்காரருடையது. சோபாவுக்கும் கார் இருக்கைக்கும் மெத்தை தைப்பவர். பெரிய குரல், பெரிய சிரிப்பு, எதற்கும் ஒரு நக்கல். நான் கடை திறந்த வாரமே எனக்கு "சிவப்பு டப்பா" என்று பெயர் வைத்துவிட்டார். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. டீக்கடைக்காரர் "சிவப்பு டப்பாவுக்கு ஒரு டீ" என்றார். கூரியர்காரன் "சிவப்பு டப்பா கடை எது?" என்று என்னிடமே கேட்டான். போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு கேட்டான், ஐயா.

அவர் நல்ல மனிதர் என்று தெருவில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என் நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார். "நாள் பூரா உக்காந்தே இருக்கீங்க, இடுப்பு போயிடும்" என்றார். காசு வாங்கவில்லை. ஆளே வராத கடை என்பதை இதைவிட நயமாக யாராலும் சொல்லிக்காட்ட முடியாது. எனக்கு வாடிக்கையாளர்களையும் அனுப்பினார், மறுக்கவில்லை. அவர்கள் வந்து "சிவப்பு டப்பா நீங்கதானா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

மெத்தைக்குப் பதிலாக அவர் கடையில் ஒரு புது சிலிண்டரை மாட்டிக் கொடுத்தேன். நாம் யாருக்கும் கடன்படக் கூடாது. மறுநாளே அதைக் கழற்றித் தன் கடைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டார். காற்றடித்துச் சாத்திக்கொண்டால் உள்ளிருந்து திறக்க வராத கதவு அது. "உங்க டப்பா எவ்வளவு உபயோகம் பாருங்க" என்றார். அதன் கழுத்தில் அவருடைய சட்டை தொங்கியது.

கடைக்கு ஒரு வருடம் நிறைந்த அன்று தெருவில் ஒரு செயல்முறை விளக்கம் வைத்தேன். இது எங்கள் தொழிலில் வழக்கம். தகரத் தட்டில் கந்தலைப் போட்டு, பெட்ரோல் தெளித்து, பற்றவைத்து, அணைத்துக் காட்டுவோம். நல்ல கூட்டம். சிலிண்டரின் பூட்டுப் பின்னை எப்படி இழுப்பது, குழாயை எங்கே காட்டுவது என்று பொறுமையாக விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் தட்டில் இருந்த தீ தானாகவே அணைந்துவிட்டது.

"சிவப்பு டப்பா பேசியே அணைச்சிட்டாருப்பா. டப்பா எதுக்கு?" என்றார் குஷன்காரர்.

தெருவே சிரித்தது. என் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தவறு தீயின் அளவில்தான். சின்னத் தீயைப் பார்த்தால் மனிதர்களுக்குச் சிரிப்பு வருகிறது.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போய், கதவடியில் இருந்த சிலிண்டரை எடுத்தேன்.

"எங்கய்யா தூக்கிட்டுப் போறீங்க?"

"வருஷம் ஆயிடுச்சு. சர்வீஸ் பண்ணணும்."

"அப்ப கதவுக்கு என்ன வைக்கிறது?"

"ஒரு கல்லை வைங்க."

சிரித்தார். கல்லை அவர் வைக்கவில்லை என்பது என் குற்றம் ஆகாது. சர்வீஸையும் ஒழுங்காகவே செய்தேன். உள்ளிருந்த தூளைக் கொட்டிச் சலித்து, மறுபடி நிரப்பி, அழுத்தம் ஏற்றினேன். முள் அழகாகப் பச்சையில் நின்றது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் தெருவில் ஈ காக்கை இருக்காது. அவரும் மெத்தைக்கான ஃபோம் அடுக்கின்மேல் படுத்து ஒரு தூக்கம் போடுவார். உள்ளே ஆள் இருப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். அவருடைய குறட்டை என் கடைவரை கேட்கும். முன்கதவு சாத்தியிருந்ததும் தெரியும். அன்று அந்தப் பக்கமாகத்தான் தகரத் தட்டை எடுத்துக்கொண்டு பின்புறம் போனேன். அங்கே அவர் வெட்டிப்போட்ட ஃபோம் துண்டுகள் சுவரை ஒட்டி மலைபோல் கிடக்கும். தட்டை நடுவில் வைத்துப் பற்றவைத்தேன். முந்தின நாள் பாதியில் நின்ற விளக்கத்தை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். புகை வரும், அவர் எழுந்து கூப்பிடுவார், தெரு கூடும், எல்லோரும் பார்க்க நான் போய் அணைப்பேன். பிறகு யாரும் சிரிக்கமாட்டார்கள்.

திரும்பி வந்து என் கடை வாசலில் நின்றுகொண்டேன். ஒரு கையில் அவருடைய சிலிண்டர், மறு கையில் என்னுடையது. இரண்டிலும் முள் பச்சையில் இருந்தது. ஃபோம் நான் நினைத்ததைவிட வேகமாக எரிந்தது. ஆட்கள் வாளியோடு ஓடிவந்தபோது கூரை இறங்கிவிட்டது.

கதவையாவது வெளியிலிருந்து திறந்துவிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். என் இரண்டு கையிலும் சிலிண்டர் இருந்ததே, ஐயா.

அந்த வாரம் நன்றாக வியாபாரம் ஆனது. தெருவில் எல்லாக் கடைக்காரர்களும் வாங்கினார்கள். என்னை மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் மனைவிதான் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "ரெண்டு கையிலயும் வச்சுக்கிட்டு ஏங்க சும்மா நின்னீங்க?" என்று கேட்டாள். பிறகு துணிகளை எடுத்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "சிவப்பு டப்பா, கதவத் தொறய்யா" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டதை, கடை மாடியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கேட்டதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்பவள் இல்லை. எனக்கும் தெளிவாகக் கேட்டது. ஆனால் அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் என் கடைப் போர்டு நேராகத் தெரியும். அதில் உள்ள பெயரைச் சொல்லி ஒரே ஒருமுறை கூப்பிட்டிருந்தால் ஓடிப்போயிருப்பேன்.