கனடா நேரம்

சண்டைக் காலத்தில் ஒருநாள், வெள்ளவத்தையில் கணினி திருத்தும் கடையொன்றில் காத்து நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா. தினமும் மத்தியானம் அவருடைய கணினி இழுத்து இழுத்து ஓடுகிறதாம். திருத்துபவர் திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தைச் சரிசெய்யப் போக, அம்மா மறித்தார்.

"மணிக்கூடு பிழையெண்டு எனக்கும் தெரியும் தம்பி. அதில மட்டும் கை வைக்காதேங்கோ."

"அன்ரி, அப்டேட் விடிய மூண்டு மணிக்குத் தானாய் ஓடும், ஆக்கள் நித்திரையில இருக்கிற நேரம். உங்கட மணிக்கூட்டில கனடா நேரம் கிடக்கு. அங்க விடிய மூண்டெண்டால் எங்களுக்கு மத்தியானம் ஒண்டரை. அதுதான் அந்த நேரம் இழுக்குது. கொழும்பு நேரத்துக்கு மாத்தினால் சரி."

"வேண்டாம். மகன் அங்க. ஆமி வளைச்சு ரவுண்டப்பில பிடிச்சுக்கொண்டு போய், பிறகு விட்ட கையோட அனுப்பினனான். இனி எப்ப வருவானோ தெரியாது. இப்ப எழும்பியிருப்பான், இப்ப சாப்பிடுவான் எண்டு அதைப் பார்த்துத்தான் நினைக்கிறனான்."

திருத்துபவர் கடிகாரத்தை விட்டுவிட்டு அப்டேட் பக்கத்தைத் திறந்தார்.

"சரி, மணிக்கூடு அப்பிடியே இருக்கட்டும். அப்டேட்டை மட்டும் வேற நேரத்துக்கு மாத்திவிடுறன். எத்தினை மணிக்கு வைக்க?"

"அங்கத்தை நேரம் காலமை எட்டுக்கு வையுங்கோ. எட்டுக்குத்தான் அவன் வேலைக்கு வெளிக்கிடுவான். அதுவரைக்கும் நான் கொம்பியூட்டருக்கு முன்னால இருப்பன்."