வியாபாரிகள் தங்காத விடுதி

சுசீந்திரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். நாகர்கோவிலில் தங்கும் விடுதி நடத்துகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"நாளையிலேருந்து நம்ம விடுதியில நோயாளியளுக்குத்தான் இடம்" என்று அவர் சொன்னதும் நான் காதுகொடுத்துக் கேட்டேன்.

"அப்பொறம் ஒரு வியாபாரியும் வரமாட்டான்" என்றார் அந்த அம்மாள்.

"இப்ப மட்டும் வாறானா? மாட்டுவண்டியில வந்த காலத்துல ரெண்டு நாள் தங்குனான். இப்ப காலையில பஸ்ஸுல வந்து, சரக்குப் பேசி முடிச்சு, சாயங்காலமே திருநெல்வேலிக்குப் போயிருதான். ஆறு அறையும் பூட்டிக் கெடக்கு. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்த சனங்க மரத்தடியில மழையில நனையுதாவ."

"எல்லாச் சாதியும் வருமே. அவங்களுக்குச் சமைக்க மாட்டேன், வேலையை விட்டுப் போயிருவேன்னு சமையக்காரரு சொல்லிட்டாருல்லா?"

"சொன்னாரு. அதுதான் எனக்கும் யோசனையா இருக்கு."

அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பி, "அவரு போகட்டும். நோயாளிக்குக் கஞ்சிதானே வேணும்? அதை நான் வைக்கேன்" என்றார்.

"ஏட்டி, சுசீந்திரத்துல உங்க அம்மா வீட்டுல என்ன சொல்லுவாவ?"

"அதைச் சொல்லத்தானே இப்பப் போறோம்."

சுசீந்திரத்தில் அந்த அம்மாள்தான் முதலில் இறங்கினார்.