உள்ளங்கைச் சூடு

மனிதகுல வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய செய்தி ஒன்றை இதன்மூலம் அறிவிக்கிறேன்: எனக்கு உள்ளங்கையில் சூடு கொஞ்சம் அதிகம். குளிர்காலத்தில் என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

அவளுடைய தம்பியை எங்கள் ஆய்வகத்தில் சேர்த்துவிட்டவன் நான். குப்பியை எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாமல் வந்தவன் அவன். ஈரலில் சர்க்கரையை உடைக்கிற ஒரு நொதிக்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதைக்கொண்டே அந்த நொதியைச் செய்யவைப்பது எங்கள் வேலை. ஆராய்ச்சிக்குத்தான், யாரும் அதைக் குடிக்கப்போவதில்லை. நாங்கள் எடுத்ததெல்லாம் எடுத்த கையோடு செயலிழந்துபோனது. மைத்துனன் எடுத்தது மட்டும் உயிர்ப்போடு நின்றது.

பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். அறிவியலின் கதவு இன்று திறந்துவிட்டது என்றார் இயக்குநர். திறந்தது நொதியை உறையவைத்திருந்த ஃப்ரீசரின் கதவுதான். பிறகு மைத்துனன் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். நடுவில் ஃப்ரீசரைப் பழுதுபார்த்தவருக்கு நன்றி சொன்னான். பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்கு நன்றி. பக்கத்து ஆய்வகத்தில் உப்பு கொடுத்து உதவியவருக்கு நன்றி. நான் முன்வரிசையில் அடக்கமான முகம் ஒன்றைத் தயார் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் அடுத்த வரைபடத்துக்குப் போய்விட்டான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மாலையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "கொடுத்து வெச்சவர் சார் நீங்க" என்று கணக்கர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குத்தல் புரியாத வயதா எனக்கு?

அந்த நொதி உறைந்திருக்கும்வரை பத்திரம். உருகினால் உடனே பயன்படுத்திவிட வேண்டும். உருக்கி உருக்கி மறுபடி உறையவைத்தால் ஒன்றுக்கும் உதவாது. பார்வைக்கு மட்டும் அப்படியே இருக்கும். எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும்போது நான் அவனுடைய குப்பிகள் சிலவற்றை எடுத்து, கைக்குள் பொத்தியபடி ஜன்னலோரம் நிற்பேன். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல மென்மையாகத்தான். உருகியதும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். மறுநாளும் அதே.

அவன் குப்பிகள் வேறு ஆய்வகங்களுக்குப் போயின. எங்கும் வேலை செய்யவில்லை. புதிதாக எடுத்தான்; அதையும் கவனித்துக்கொண்டேன். முதல் முடிவுகளே பொய்யோ என்று விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நல்ல பையன்தாங்க. ஆசைதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன். அதற்குமேல் அவனைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேலை போய், இப்போது எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். நாள் முழுக்கக் கை கழுவுகிறான். விரலெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

"என் கையிலதான் ஏதோ கோளாறு மாமா. எதைத் தொட்டாலும் செத்துப்போகுது."

"இருக்கும் மாப்ளே. எதுக்கும் இன்னொரு தடவை கழுவிப் பாரு" என்று சோப்பை எடுத்துக் கொடுப்பேன்.

"நீங்க மட்டும் இல்லைன்னா இவன் என்ன ஆகியிருப்பான்" என்பாள் மனைவி.

ஆகவே, செய்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. நன்றி மறந்தவனுக்கு அதை நினைவூட்டியது குற்றமென்றால் குற்றம்தான்.

நேற்று அவள் அந்தக் கூட்டத்தின் வீடியோவைத் தேடிப்பிடித்துத் தம்பிக்குப் போட்டுக் காட்டினாள், மனம் தேறுவான் என்று. நானும் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். வீடியோவில் கடைசி வரைபடம் முடிந்ததும் மேடையில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒருத்தர் பேரை மட்டும் கடைசிக்குன்னு வெச்சிருந்தேன். எனக்குக் குப்பி பிடிக்கக் கத்துக்குடுத்தது எங்க மாமா. இது என் நொதி இல்லை, அவரோடது. மாமா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க." அரங்கமே கைதட்டியபடி முன்வரிசைப் பக்கம் திரும்பியது. அங்கே ஒரு காலி நாற்காலி இருந்தது.

அவன் பேச்சைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்.