ஒரு தழும்பாவது இருக்கட்டும்

வாசனை எண்ணெய்ப் பாட்டில்களை வெயில் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது மேடம். ஸ்டேஷன் ஜன்னலோரம் வைத்திருக்கிறீர்களே, கொஞ்சம் நிழலுக்குத் தள்ளச் சொல்லுங்கள். சூடு பட்டால் வீரியம் போய்விடும். இனி அவற்றை யாரும் தொடப் போவதில்லை என்று தெரியும். பழக்கதோஷம், சொல்லிவிட்டேன்.

நான் பியூட்டி பார்லரில் மசாஜ் வேலை பார்க்கிறவள். பரு வந்துபோன கன்னம், ஆபரேஷன் தழும்பு, எண்ணெய் தெறித்த கை எல்லாம் என்னிடம்தான் வரும். லாவெண்டரை அப்படியே தேய்த்தால் தோல் எரியும். பாதாம் எண்ணெயில் சில சொட்டுகள்தான் விட வேண்டும். பச்சைக் காயத்தில் வைக்கவே கூடாது. பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் வந்த பிறகு விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். எண்ணெய் பாதி, கை பாதி. பார்லர் முதலாளியம்மா எனக்கு 'ரப்பர்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார். எதையும் அழித்துவிடுவேனாம்.

உண்மையைச் சொன்னால், இதை நான் பார்லரில் கற்கவில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் என் மேலேயே போட்டுப் பழகியது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டும். வேறு என்ன செய்வது?

என் மகன் நல்லவன். எனக்கு ஒரு தும்மல் வந்தால்கூட மாத்திரையோடு வந்து நிற்பான். முன்கோபத்தில் மட்டும் அப்பாவைக் கொண்டு பிறந்துவிட்டான். கோபம் தணிந்ததும் குழந்தை மாதிரி என் அறை வாசலில் வந்து நிற்பான். "அம்மா, அவளைக் கொஞ்சம் பாரும்மா" என்பான். நான் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போவேன்.

மருமகளும் ஆரம்பத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உங்க கை பட்டா வலி தெரியல அத்தை என்பாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும். பெற்ற தாய் இல்லாத பெண். நான் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன், வெளியூரில். போனில் அழுதிருக்கிறாள். ஆனால் அவன் வந்து பார்க்கும்போதெல்லாம் அவள் மேல் ஒரு கீறல்கூட இருக்காது. காபியைக் குடித்துவிட்டு, கொஞ்சம் அனுசரித்துப் போ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். கண்ணால் பார்த்தால் அன்றைக்கே கூட்டிப்போய்விடுவேன் என்று அவளிடம் சொல்லியிருந்தானாம். அது எனக்கும் தெரியும்.

அப்புறம்தான் அந்த இஸ்திரிப்பெட்டிச் சூடு. முழங்கைக்குக் கீழே, பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. கைதவறிப் பட்டது என்று யாரும் சொல்ல முடியாது. பொருக்கு உதிர்ந்ததும் நான் போய் உட்கார்ந்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் அத்தை. இது ஒண்ணாவது இருக்கட்டும்."

"பொம்பளப் பிள்ளைக்குக் கையில இவ்வளவு பெரிய தழும்பு நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்க வேணாம். இருந்தா போதும்."

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை என்று உங்களிடம் சொல்லலாம். புரிந்தது மேடம். அண்ணன் வரப்போகிறான். அவள் போய்விட்டால் ஊர் என்ன சொல்லும், மகன் என்ன ஆவான் என்றுதான் யோசித்தேன். மதியம் சாப்பிட்டதும் அவளுக்கு ஒரு தூக்க மாத்திரை போடும் பழக்கம் இருந்தது. அவள் அசந்து தூங்கும்போது நான் தேய்த்தேன். தினமும். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எந்தத் தழும்பையும் எடுத்ததில்லை.

அண்ணன் வந்தான். அவள் சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். லேசான வெளுப்பு, அவ்வளவுதான். அடுப்பில் பட்டது தம்பி, அப்போதே ஆறிவிட்டது என்றேன். அவன் அவளைப் பார்த்த பார்வையில் சலிப்புதான் இருந்தது. மருமகள் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கூசிப்போனேன். எழுந்து போய் காபி டம்ளர்களைக் கழுவினேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மகன் இன்னும் தைரியமாகிவிட்டான்.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததை அவனே சொல்லியிருப்பான். சமையல் மேடையின் விளிம்பில் அவள் தலை மோதியது. வழக்கம்போல என் அறை வாசலுக்கு வந்து, வழக்கம்போல அதையேதான் சொன்னான். நானும் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. வந்தால் நெற்றியைப் பார்த்துவிடுவார்கள், ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பச்சைக் காயத்தில் வைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தேன். எண்ணெய் இறங்கவே இல்லை, மேலேயே நின்றது. அப்புறம்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

பிணத்தின் நெற்றியில் ஏன் லாவெண்டர் வாசனை என்றுதானே கேட்டீர்கள். பிணத்துக்கு யாராவது தேய்ப்பார்களா மேடம். நான் பாட்டிலைத் திறந்தபோது அவளுக்கு மூச்சு இருந்தது.