தகட்டுக்குக் காவல் இருந்தவன்

மாப்பிள்ளை, பொண்ணு, ரெண்டு பேரும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க... பந்தி போட இன்னும் நேரம் இருக்கு, அதுக்குள்ள சின்னதா ஒரு கதை சொல்லிடுறேன்.

பனி கொட்டுற தேசம் ஒண்ணு. நமக்கு ஐஸுன்னா என்ன? மீன் பெட்டியில போடுறது. அதுலயும் பாதி, லாரி வந்து சேர்றதுக்குள்ள தண்ணியாயிடும்... சரி, அத விடுங்க. அங்க ஐஸையே தரையாப் போட்டு, பூட்ஸுக்கு அடியில கத்தி மாதிரி தகடு மாட்டிக்கிட்டுச் சறுக்கி ஓடுவாங்க. அதுல ஆர்வித்னு ஒருத்தன். குறுந்தூர ஓட்டத்துல அவனை அடிக்க ஆளே இல்ல. வருசா வருசம் கப்பு அவனுக்குத்தான். வயசு ஏறிப்போச்சு. கடைசியா ஒரு உலகப் போட்டி, அதையும் ஜெயிச்சுட்டு விலகிடணும்னு ஆசை.

அவன்கூட அதே ரூம்ல நில்ஸ்னு இன்னொரு ஓட்டக்காரன். ஒருநாள் ஆர்வித் உள்ள வர்றான்... நில்ஸ் இவன் பூட்ஸ் பக்கத்துல குனிஞ்சு நிக்கிறான். என்னடான்னு கேட்டா, சாக்ஸ் தேடுறேங்கிறான்.

சாக்ஸா?...

அங்கதான் சந்தேகம் புகுந்துச்சு. தகட்டை விரலால தடவிப் பாக்குறான், மழுங்கின மாதிரியே இருக்கு. அவங்கள்ல அவனவன் தகட்டை அவனவனே கல்லுல தீட்டிக்குவான். தீட்டினான். குளிச்சுட்டு வந்தான்... இவன் தொட்டிருப்பானோ? மறுபடி தீட்டினான். சாப்பிட்டு வந்து தீட்டினான். நில்ஸ் சிரிச்சாத் தீட்டினான், சிரிக்கலேன்னாலும் தீட்டினான்.

போட்டியில முதல் திருப்பம்... தகடு திரும்ப மாட்டேங்குது. சர்ருனு போயி ஓரத்து மெத்தையில மோதி விழுந்தான்.

எழுந்ததும் நேரா நடுவர்கிட்ட போனான். நில்ஸ்தான் கெடுத்துட்டான், பாருங்கன்னான். அவரு பூட்ஸை வாங்கி, தகட்டுல நேர்கம்பி ஒண்ணை வச்சுப் பாத்தாரு. தகட்டுக்கு அடியில லேசா ஒரு வளைவு இருக்கணும். அதுதான் ஆளைத் திருப்பும். அது மொத்தமாத் தேஞ்சு, தட்டையாக் கிடக்கு.

"இத வேற யாரு தொட்டா?"

ஆர்வித் நெஞ்ச நிமித்திச் சொன்னான்: "ஒருத்தனையும் தொட விடல. தூங்கும்போதுகூட கட்டிப் புடிச்சுக்கிட்டுத்தான்..."

பாதியில குரல் இறங்கிப்போச்சு.

பக்கத்துல நின்ன நில்ஸ் மெதுவாக் கேட்டான்: "அப்ப நான் எப்படா தொட்டேன்?"

நில்ஸ் நல்லவனா, கெட்டவனா... எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கப்பைப் பறிச்சது யாரு? நீங்களே சொல்லுங்க.

மாப்பிள்ளை, நாளைக்கு அவ போன்ல யார்கூடவோ சிரிச்சுப் பேசுவா. அம்மாடி, அவரு ஒருநாள் லேட்டா வருவாரு. சந்தேகம் வரும்... மனுசன்தானே, வரத்தான் செய்யும். வந்தா மூஞ்சியப் பாத்துக் கேட்டுடுங்க. போனை எட்டிப் பாக்குறது, சட்டைப் பையைத் தடவுறது, அது மட்டும் வேணாம். எதைக் காப்பாத்துறோம்னு நெனைச்சு அதச் செய்யுறீங்களோ... அதுதாங்க தேயுது.