ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடம்பு

இல்லக்கா, உங்களால லேட் ஆகல. மெஷின்ல ஏதோ கோளாறாம், பாத்துட்டிருக்காங்க. உக்காருங்க. அந்த கவுன் முடிச்சு பின்னாடி அவுந்திருக்கு, இருங்க, போட்டு விடறேன். இதைக்கூட ஒழுங்கா தெச்சு வாங்க மாட்டாங்க. என் பையா? பரவால்ல, என் மடியிலயே இருக்கட்டும்.

நானா? இங்கதான் வேலை. மெஷின் யாரையும் சுட்டுடாம பாத்துக்கணும், அதான் வேலை. நெசமாத்தாங்க. பாதுகாப்புப் பொறியாளர்னு கதவுல எழுதி வெச்சிருக்காங்க. கதவுல மட்டும்.

உங்க டாக்டர் என்ன சொல்லி அனுப்பினாரு? எக்ஸ்ரே கெடையாது, நசுக்க மாட்டாங்க, குப்புறப் படுத்தா போதும்... ம். அதெல்லாம் சரிதான். கட்டில்ல ஒரு ஓட்டை இருக்கும், மார்பு அதுவழியா கீழ கிண்ணத்துக்குள்ள போயிடும். கிண்ணத்தைச் சுத்தி ஆன்டெனா. சமையலறை மைக்ரோவேவ்ல வர்ற அதே ஜாதி அலைதான், ஆனா துளியூண்டு. கட்டி இருந்தா அதுல பட்டுத் திரும்பி வரும், அதை வெச்சு படம் போடுவாங்க. அந்தச் சுவத்துல போஸ்டர் பாருங்க, உங்க செல்போனைவிடக் குறைஞ்ச சக்தின்னு. அதை ஒட்டினப்ப அது உண்மைக்கா. நான்தான் அளந்து சொன்னேன்.

மெஷின் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நல்ல மெஷின். ஆனா அவ்வளவு கம்மி சக்தியில படம் மங்கலாத்தான் வரும். ஆழத்துலேர்ந்து திரும்பி வர்றது இரைச்சலோட இரைச்சலாக் கரைஞ்சு போயிடும். அதைப் பிரிச்செடுக்க உக்காந்து மண்டையை ஒடைச்சுக்கணும், ரொம்ப நாள் ஆகும். எங்க தலைவனுக்கு அந்தப் பொறுமை ஏது? நாங்க அவனுக்குத் தெளிவுன்னு பேர் வெச்சிருக்கோம். காலையில வந்ததுலேர்ந்து படம் தெளிவா வேணும், தெளிவா வேணும்னு கத்துவான். அவன் பேசறது மட்டும் ஒருத்தருக்கும் வெளங்காது. அவன் என்ன பண்ணான், நடுவுல ஒரு பெட்டியை மாட்டி சக்தியைத் தூக்கி விட்டுட்டான். சோப்பு டப்பா சைஸ்தான், ஆனா செங்கல் கனம், தொட்டா சுடும். படம் பளிச்சுன்னு வந்துடுச்சு. ஆளாளுக்குக் கைதட்டல்.

கேளுங்க, அசிங்கமே இனிமேதான். மனுஷங்களை வெக்கறதுக்கு முன்னாடி ஜெல்லுல செஞ்ச பொம்மை மார்பை வெச்சு சோதிக்கணும். அது கெட்டுப் போகக் கூடாதுன்னு ஃப்ரிட்ஜ்ல வெச்சிருப்போம், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துல. நான் லீவ்ல இருந்தப்ப, அதை எடுத்த கையோட கிண்ணத்துல எறக்கி, சக்தியைக் கூட்டி, உள்ள ஊசியைக் குத்தி சூடு பாத்திருக்கானுங்க. உடம்புச் சூட்டைவிடக் கம்மியாத்தான் காட்டிருக்கு. அப்ப ஆபத்தே இல்லைன்னு முடிச்சுட்டானுங்க. கடைசில சூடு எங்க நின்னுச்சுன்னு பாத்தானுங்களே தவிர, எங்கேர்ந்து ஏறுச்சுன்னு ஒருத்தனுக்கும் தோணல. அத்தனை பேரும் படிச்சவனுங்க. நானும் தெளிவும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோம், அதை நெனச்சாத்தான் கொமட்டுது. உன் பொண்டாட்டி என்ன ஃப்ரிட்ஜ்லேர்ந்தா எந்திரிச்சு வருவான்னு கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்.

மேல சொல்லாம இருப்பேனா? சொன்னேன். மேல இருக்கறவரு தெளிவுக்குச் சொந்தக்காரர் இல்ல, அதைவிட மோசம், ரசிகர். அப்புறம் நானே படுத்துப் பாத்தேன் போன வாரம். ஆமா, இதே கட்டில்ல. வலது பக்கம் அடியில சுருக்குன்னு ஆரம்பிச்சு எரிஞ்சுது. நிறுத்துங்கடான்னு கத்தறேன், படம் முடியட்டும், அசையாதேங்கறான் தெளிவு. எறங்கி வந்து சொன்னா, பயந்தா அப்படித்தான் தோணும்னு சிரிக்கறான். செவந்த திட்டு இன்னும் போகல. வேணும்னா காட்டறேன். வேண்டாமா, சரி.

அந்தக் கண்ணாடி ரூம்லயா? விருந்தாளிங்க. இன்னைக்கு நேர்லயே படம் பாக்க வந்திருக்காங்க. பயப்படாதீங்க, உடம்பு தெரியாது, நீலமும் செவப்புமா திட்டுதான் தெரியும். உங்க செவப்பைப் பாத்துக்கிட்டே பிஸ்கட்டு தின்னுவாங்க. கட்டி இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்ச ஆளா அனுப்புங்கன்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டு வாங்கினதே இதுக்குத்தான். சொல்லலையா அவரு? சொல்ல மாட்டாரு.

பழைய சக்தியில எடுக்கலாம்தான். ஒரு துளிகூடச் சுடாது. நான் சொல்லிட்டேன். மங்கலான படத்தை விருந்தாளிங்க முன்னாடி போடறதுக்கு இன்னைக்குப் போடவே வேணாங்கறான் தெளிவு.

அழாதீங்கக்கா. வீட்டுக்குப் போய் சும்மா இருந்துடாதீங்க, அது இதைவிடத் தப்பு. பழைய எக்ஸ்ரே டெஸ்ட்டுக்கே போங்க. நசுக்கும்தான், பல்லைக் கடிச்சுக்குங்க. அந்தக் கட்டி என்னன்னு சொல்லிடுவாங்க. எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க, இப்பவே கூட்டிட்டுப் போறேன்.

இருங்க, தெளிவே வர்றான். என்னப்பா? இல்லையே, நான் எந்தப் பெட்டியையும் பாக்கல. ஸ்டோர்ல தேடினியா? ஃப்ரிட்ஜ்ல பாரு, அங்கதான் எல்லாத்தையும் வெப்பீங்க.

போயிட்டான். மூஞ்சியைப் பாத்தீங்களா, வேர்த்து வழியுது. வாங்க, உங்க துணி அந்த அலமாரியிலதான் இருக்கு. கதவு இழுத்துத் தொறக்கணும், இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. ம், கனமாத்தான் இருக்கும். அடியில கை வெக்காதீங்கக்கா, இன்னும் சூடு ஆறல.